மூணாவது மாடி நாய்க்கும் எலிக்காய்ச்சல் ஊசி வேணுமா?

12 அக்டோபர் 2024, காலை. வாசகர் ஒருவர் கேட்டது

எங்க லாப்ரடாருக்கு 3 வயசு. பாளையங்கோட்டையில மூணாவது மாடி வீடு. வயல் கிடையாது, தொழு கிடையாது, எலியைக் கண்ணால பார்த்ததே இல்ல. டாக்டர் வருஷாவருஷம் எலிக்காய்ச்சல் ஊசி போடணும்ங்கிறார். வெறிநாய் ஊசி சரி, வாந்தி பேதிக்கான பார்வோ ஊசி சரி. இந்த எலிக்காய்ச்சல், அதான் லெப்டோ, நம்ம ஊர் நாய்களுக்கு அவ்வளவு சாதாரணமாவா வருது? எனக்குத் தெரிஞ்ச ஒரு நாய்க்கும் வந்ததில்ல.

12 அக்டோபர் 2024, இரவு

வருது. ஊசியைப் போடுங்க, போட்டா வராது.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு நாய்க்கும் வந்ததில்ல" என்பதை 2019 வரைக்கும் நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். சேரன்மகாதேவி பக்கம் தீவனக் கடை வச்சிருக்கேன். தவிடு, புண்ணாக்கு, கோழித்தீவனம். மாட்டுக்காரர், ஆட்டுக்காரர், நாய் வளர்க்கிறவர் எல்லாரும் வந்து நிக்கிற இடம். மூட்டை இருக்கிற இடத்துல எலி இல்லாம இருக்காது.

கருப்பின்னு கன்னி இன வேட்டை நாய் ஒண்ணு வளர்த்தேன். கயத்தாறு பக்கத்துல இருந்து குட்டியா மடியில வச்சுக் கொண்டுவந்தது. 2019 ஐப்பசியில ஒரு வெள்ளிக்கிழமை சோறு வேண்டாம்னுட்டுது. சனிக்கிழமை வாந்தி. பின்னங்கால் ரெண்டும் விறைச்ச மாதிரி நடந்தது, இடுப்புல கை வச்சாலே முனகுச்சு. காட்டின முதல் இடத்துல வயிறு கெட்டுப்போச்சுன்னு ஒரு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. திங்கக்கிழமை மூத்திரம் கட்டன்சாயா நிறத்துல வந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தா ஈறு மஞ்சள். செவ்வாய் ராத்திரி கடை வாசல்லயே செத்துப்போச்சு. குட்டியில போட்ட ஊசியோட சரி, அப்புறம் நான் போடவே இல்ல. எலிக்காய்ச்சல்.

13 அக்டோபர் 2024

நேத்து எழுதினதைத் திருத்தணும். கருப்பிக்கு எலிக்காய்ச்சல்னு அடிச்சு எழுதிட்டேன். படுத்த பிறகு அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அதுக்கு ஒரு சோதனையும் செய்யலையே. மஞ்சளைப் பார்த்தேன், ஊர்ல நாலு பேர் சொன்னாவ, நானும் நம்பிட்டேன்.

கருப்பியோட விரல் இடுக்குல உண்ணி இருந்தது, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உண்ணி மூலம் வர்ற பேபிசியா என்கிற கிருமி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மூத்திரம் கருக்கும், ஈறு மஞ்சளாகும், நாய் ஓஞ்சு படுத்திடும். எர்லிக்கியா என்கிற கிருமியும் உண்ணியாலதான், அதுல ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்கள் சரியும். லெப்டோவிலயும் பிளேட்லெட் சரியும், ஈறு மஞ்சளாகும். வெளியில நின்னு பார்க்கிறவனுக்கு மூணும் ஒரே மாதிரிதான் தெரியும். நம்ம பக்கம் மஞ்சளாகிச் சாகிற நாயை எல்லாம் எலிக்காய்ச்சல் கணக்குல எழுதினா அது பெரிய தப்பு. உண்ணிக் காய்ச்சல்தான் இங்க ரொம்ப அதிகம், கடைக்கு உண்ணி மருந்து கேட்டு வராத நாளே கிடையாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. டாக்ஸிசைக்ளின் மாத்திரை லெப்டோவையும் கேட்கும், எர்லிக்கியாவையும் கேட்கும். "டாக்ஸி குடுத்தேன், எழுந்திருச்சிட்டான், அப்ப லெப்டோதான்" என்கிற கணக்கும் நிக்காது.

அதனால உங்க கேள்விக்கு எத்தனை நாய் மஞ்சளாச்சுன்னு எண்ணி விடை சொல்ல முடியாது. கிருமி நாயைச் சந்திக்கிறது ரொம்பச் சாதாரணம். ஊசியே போடாத தெரு நாய்களோட ரத்தத்துலயும் அந்தக் கிருமிக்கு எதிரான பொருள் இருக்கிறதைத் தமிழ்நாட்டுலயே பார்த்திருக்காங்க. அதுல பல நாய்களுக்கு ஒரு நாள் மந்தம், ஒரு வேளைச் சோறு வேண்டாம், அவ்வளவோட போயிருக்கும். சாகிற அளவுக்குப் படுக்கிறது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துலயும் சோதனை செஞ்சு பேர் எழுதினது இன்னும் கொஞ்சம். உங்களுக்கும் எனக்கும் கண்ணுல பட்டது அந்தக் கடைசிக் கொஞ்சம் மட்டுந்தான்.

16 அக்டோபர் 2024

பேர் எலிக்காய்ச்சல்னு இருக்கிறதாலதான் எல்லாரும் எலியைத் தேடுறாங்க. பார்க்க வேண்டியது தண்ணியை.

எலி கடிச்சு வர்றதே அபூர்வம். எலியோட மூத்திரம்தான் வழி. எலிக்கு அந்தக் கிருமி ஒரு தொந்தரவும் செய்யாது. சிறுநீரகத்துல குடியிருந்துக்கிட்டு மாதக்கணக்கா, பல எலிகள்ல சாகிற வரைக்கும், மூத்திரத்தோட வெளிய வந்துக்கிட்டே இருக்கும். அது ஈரத்துல விழுந்தா வாரக்கணக்குல, வசதியான சேறா இருந்தா மாதக்கணக்குலகூட உயிரோட இருக்கும். காய்ஞ்சா செத்துடும். வெயில் சுட்டா செத்துடும். கடல் உப்பும் அதுக்கு ஆகாது. வெதுவெதுன்னு தேங்கி நிக்கிற நல்ல தண்ணிதான் அதுக்குப் பிடிச்ச இடம். நாய் அதைக் குடிச்சாலோ, அதுல நடக்கும்போது கால்ல சின்னச் சிராய்ப்பு இருந்தாலோ, கண்ணு மூக்கு வழியாவோ உள்ள போயிடும். ஒரு வாரம் போல ஆகும் நோய் தெரிய, சில சமயம் ரெண்டு வாரம்கூட.

மைக்ராஸ்கோப்புல பார்த்தா சுருள் சுருளா இருந்து நுனியில கொக்கி போட்ட மாதிரி வளைஞ்சிருக்குமாம். கேள்விக்குறி மாதிரி இருக்கவும்தான் 'இன்டெரோகன்ஸ்'னு பேர் வச்சிருக்காங்க. 1886-ல ஜெர்மனியில அடால்ஃப் வெயில் என்கிற மருத்துவர் மனுஷங்களுக்கு வர்ற இந்தக் காமாலைக் காய்ச்சலைத் தனியாப் பிரிச்சு எழுதினார். கிருமியைக் கண்டுபிடிச்சது 1915-ல, ஜப்பான்ல. அங்க இது யாருக்கு வந்துக்கிட்டிருந்ததுன்னா நிலக்கரிச் சுரங்கத்துல ஈரத்துல நின்னு வேலை பார்த்தவங்களுக்கு. அங்கயும் தண்ணிதான்.

இப்ப நம்ம ஊரை நினைச்சுப் பாருங்க. கார் சாகுபடிக்கு ஆனியில தண்ணி விட்டா, அடுத்த போகமான பிசானம் அறுக்க மாசி, பங்குனி ஆயிடும். எங்க பக்கம் கன்னடியன் கால்வாய், உங்க பக்கம் பாளையங்கால்வாய், டவுண் பக்கம் நெல்லைக் கால்வாய். வருஷத்துல முக்கால்வாசி நாள் வயலும் வாய்க்காலும் ஈரம். வரப்பு முழுக்க எலி வளை. கால்வாய் ஊருக்குள்ள நுழைஞ்சா சாக்கடையும் சேருது, அங்க பெருச்சாளி. சித்திரை, வைகாசியில வயல் வெடிச்சுக் கிடக்கும்போதுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அப்பவும் மடைக்கு அடியில ஒரு குழித் தண்ணி கிடக்கும். தாகத்துல நாய் நேரா அங்கதான் போகும்.

20 அக்டோபர் 2024

மாடு, பன்னிக்கும் வருமான்னு கடையில ஒருத்தர் கேட்டார். வரும். மாட்டுல சினை கலையும், பால் சட்டுன்னு குறையும். வெளிய நல்லா தெரியுற மாடும் மூத்திரத்துல கிருமியை விடலாம். தொழுவுல மூத்திரம் தேங்குற இடத்துல நாய் படுக்குதான்னு பாருங்க. எங்க பக்கம் முக்கால்வாசி நாய் அங்கதான் படுக்குது, குளுமைக்கு.

27 அக்டோபர் 2024

கருப்பி விஷயத்துல சோதனை இல்லைன்னு எழுதினேன். செவலை விஷயத்துல இருக்கு. அதை முழுசாச் சொல்றேன், ஏன்னா இதுலதான் நான் கத்துக்கிட்டது.

செவலை நாட்டு நாய், ஆண், கடையிலேயே வளர்ந்தவன். 2023 டிசம்பர் 17, 18 மழையை நம்ம பக்கம் யாரும் மறக்கப்போறதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். எங்க கடைக்குள்ள முழங்கால் தண்ணி. மூட்டைகளை மேல ஏத்துற அவசரத்துல ரெண்டு நாள் செவலை எங்ககூடவே அந்தத் தண்ணியில அலைஞ்சான். அவனைக் கட்டிப்போடணும்னு தோணவே இல்ல. செத்த எலிகள் மிதந்ததைப் பார்த்தேன், அப்பவும் தோணல.

28-ம் தேதி காலையில அவன் எழுந்திரிக்கல. தண்ணி மட்டும் குடிச்சுக்கிட்டே இருந்தான், மூத்திரம் அடிக்கடி போனான். முதுகைத் தொட்டதும் முனகினான். அந்த முனகல் கேட்டதும் எனக்குக் கருப்பி ஞாபகம் வந்துட்டு. இந்தத் தடவை ஒரு நாள்கூடப் பொறுக்கல. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவுல கொண்டுபோயிட்டேன். ரத்தத்தைக் கண்ணாடியில தடவி மைக்ராஸ்கோப்புல பார்த்ததுல உண்ணிக் காய்ச்சல் கிருமி தெரியல. பிளேட்லெட் குறைவு, சிறுநீரகம் கெட்டா ஏறுற கிரியேட்டினின் ஏறியிருந்தது. வெள்ளத்துல நின்னதைச் சொன்னதும் முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்காம டிரிப்ஸும் ஆம்பிசிலினும் ஆரம்பிச்சுட்டாங்க. வாந்தி நின்ன பிறகு டாக்ஸி 14 நாள். ஏன் ரெண்டு மருந்துன்னு கேட்டேன். பெனிசிலின் வகை ரத்தத்துல இருக்கிற கிருமியைக் கொல்லும், சிறுநீரகத்துல ஒளிஞ்சிருக்கிறதைத் துடைச்செடுக்க டாக்ஸிதான் வேணும்னு விளக்கினாங்க. டாக்ஸி குடுக்காம விட்டா நாய் தேறின மாதிரி இருக்கும், ஆனா மூத்திரத்துல கிருமி வாரக்கணக்கா வந்துக்கிட்டே இருக்கும்.

ரத்தத்தை ரெண்டு தடவை எடுத்தாங்க. இதை எல்லாரும் கவனிக்கணும். லெப்டோவுக்கு மேட் என்கிற சோதனை, ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புப் பொருளை அளக்கும். முதல் வாரத்துல அது ஏறியிருக்காது. குறைவா வந்தா நோய் இல்லைன்னு சொல்ல முடியாது, கூட வந்தாலும் பழைய ஊசியால இருக்கலாம். ரெண்டு வாரம் போல கழிச்சு மறுபடி எடுத்து, நாலு மடங்காவது ஏறியிருந்தாத்தான் உறுதி. செவலைக்கு முதல்ல 200, பிறகு 3200. கிருமியையே நேரடியாத் தேடுற பிசிஆர் சோதனையும் உண்டு. அதுக்கு முதல் வாரத்துல ரத்தம், பிறகு மூத்திரம், ரெண்டையும் மாத்திரை தொடங்குறதுக்கு முன்னாடி எடுக்கணும். மாத்திரை குடுத்துட்டு எடுத்தா கிருமி இல்லைன்னு வந்துடலாம்.

வீட்டுல இன்னொரு நாய் மணி இருந்தான். ஒரு குறையும் இல்ல. இருந்தும் அவனுக்கும் 14 நாள் மாத்திரை எழுதினாங்க. ரெண்டு பேரும் நின்னது ஒரே தண்ணியிலதானே.

செவலையோட கடைசி லெப்டோ ஊசி 2022 ஜூன். 2023-ல போட்டிருக்கணும். கடைக் கணக்கு, மகள் கல்யாணம், விட்டுப்போச்சு. ஒன்றரை வருஷம்.

3 நவம்பர் 2024

முதல் நாள் "போட்டா வராது"ன்னு எழுதியிருந்தேன். அதுவும் தப்பு. ஒரு அன்பர் தனியா எழுதிக் கேட்டிருந்தார், ஊசி போட்ட தன் நாய்க்கு எப்படி வந்ததுன்னு. நியாயமான கேள்வி.

இந்தக் கிருமியில 200-க்கும் மேல வகை இருக்கு. ஊசியில ரெண்டு வகை, இல்லைன்னா நாலு வகைதான் வச்சிருப்பாங்க. ரெண்டுன்னா கனிகோலாவும் இக்டெரோஹெமரேஜியேவும். நாலுன்னா பெரும்பாலும் கிரிப்போடைபோசாவும் பொமோனாவும் சேரும். ஒரு வகைக்குப் போட்ட ஊசி வேற வகையை முழுசாத் தடுக்காது. உங்க டாக்டர்கிட்ட ஊசிச் சீட்டுல எத்தனை வகைன்னு கேளுங்க. நாலு கிடைச்சா நாலு போடுங்க.

வருஷாவருஷம் ஏன்னா, பார்வோ ஊசி சில வருஷம் நிக்கும், லெப்டோ ஊசியோட காவல் ஒரு வருஷத்தோட சரி. முதல் தடவை போடும்போது ரெண்டு டோஸ், இடையில ரெண்டு முதல் நாலு வாரம். ஒரு டோஸ் போட்டுட்டு நிறுத்தினா அது போடாத மாதிரிதான். போட்ட அன்னைக்கு நாய் கொஞ்சம் மந்தமா இருக்கலாம், போட்ட இடம் வீங்கலாம். ரொம்ப அபூர்வமா முகம் வீங்கும், அப்ப உடனே திரும்பக் கொண்டுபோகணும். அதனால ஊசி போட்டதும் வாசலோட கிளம்பாம அரை மணி நேரம் அங்கேயே உக்காந்துட்டு வாங்க. நம்ம மழை ஐப்பசியில தொடங்குறதால புரட்டாசிக்குள்ள போட்டு முடிக்கிறதுதான் என் வழக்கம் இப்ப.

மாட்டாஸ்பத்திரியில லெப்டோ ஊசி இல்லைன்னா வெளிய வாங்கித்தான் போடணும். செலவுதான். செவலைக்கு ஆன டிரிப்ஸ் செலவுல அவனுக்குப் பல வருஷத்து ஊசி போட்டிருக்கலாம்.

தீபாவளி வெடிக்கு மணி ஓடிப்போயி ரெண்டு ராத்திரி கழிச்சு வந்தான், உடம்பெல்லாம் சாக்கடைச் சேறு. புரட்டாசியிலயே ஊசி போட்டிருந்தேன். இருந்தாலும் குளிப்பாட்டிட்டு 15 நாள் அவன் சாப்பாட்டையும் மூத்திர நிறத்தையும் பார்த்துக்கிட்டிருக்கப்போறேன்.

4 நவம்பர் 2024

மணி நல்லா இருக்கான். முழுச் சட்டி காலி.

19 நவம்பர் 2024

வேட்டை நாய்க்குத்தானே வரும், வீட்டு நாய்க்கு ஏன்னு மறுபடி கேட்டிருக்கீங்க. முன்னாடி அப்படித்தான் நினைச்சாங்க. பெரிய உடம்பு, ஆண், வெளிய அலையிற நாய். ஆனா 2021-ல அமெரிக்காவில லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 200 நாய்களுக்கு மேல வந்தது. வயல்ல அலைஞ்ச நாய்கள் இல்ல அதெல்லாம். பலது, வீட்டுக்காரங்க வேலைக்குப் போறப்ப விட்டுட்டுப் போற நாய்க் காப்பகத்துக்குப் போய் வந்தது. நாயும் நாயும் கூடுற இடத்துல ஒண்ணு மூத்திரம் போச்சுன்னா மத்தது முகர்ந்து நக்குமில்லையா. நீங்க வெளியூர் போறப்ப உங்க லாப்ரடாரை எங்க விடுறீங்க?

வேட்டைன்னதும் பழசு ஒண்ணு ஞாபகம் வருது. எங்க அப்பா காலத்துல அறுப்பு முடிஞ்சதும் வரப்பை வெட்டி எலி பிடிப்பாங்க. ஒரு வளையில மரக்கா நெல் வரைக்கும் கிடைக்கும். கருப்பியோட பாட்டி முறையில ஒரு நாய் இருந்தது. வளையோட வாசல்ல இல்லாம, எலி தப்பிக்கிற பின்வாசல்ல போய் உக்காந்துக்கிடும். ஒருத்தரும் சொல்லிக்குடுக்கல. அப்பா பார்த்துப் பார்த்துச் சிரிப்பார், "ஏல, இவ நம்மளவிட வெவரமானவ" என்பார். ஒரு நாள்ல இருபது எலி. அந்த நாய் 13 வயசு வரைக்கும் இருந்தது. அதனால அதுக்குக் கிருமி படலைன்னு சொல்ல மாட்டேன், பட்டுப் பட்டுத் தாங்கியிருக்கும். அதோட கூடப்பிறந்த ரெண்டு நாய் மழைக்காலத்துல வாந்தியெடுத்துச் செத்ததையும் அப்பா சொல்லியிருக்கார். அப்ப அதுக்குப் பேர் கிடையாது, 'சீக்கு' அவ்வளவுதான்.

15 டிசம்பர் 2024

வெள்ளிக்கிழமை மறுபடி ஆத்துல வெள்ளம். குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடிச்சுக்கிட்டுத் தாமிரபரணி போச்சு. எங்க கடைக்குள்ள இந்தத் தடவை தண்ணி ஏறல, வாசல்படியோட நின்னுட்டு. செவலையையும் மணியையும் மாடியில கட்டிட்டேன். ரெண்டும் நாள் முழுக்கக் குரைச்சுத் தீர்த்துட்டுதுங்க, குரைக்கட்டும்.

தண்ணி வடிஞ்ச பிறகு செஞ்சது: தரையை முதல்ல கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து ஊத்தி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி கழுவினேன். கையில உறை, கால்ல ரப்பர் பூட்ஸ். எனக்குக் குதிங்கால்ல வெடிப்பு உண்டு, அதனால பூட்ஸ் போடாம இறங்கல. மனுஷனுக்கும் இதே தண்ணிதான், இதே கிருமிதான். 2015-ல வந்த ஒரு மதிப்பீடு உலகத்துல வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல வருது, 59,000 பேர் போல சாகிறாங்கன்னு சொல்லுது. வெள்ளத்துல நின்னவங்களுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா டாக்டர்கிட்ட "வெள்ளத்துல நின்னேன்"னு நீங்களா சொல்லணும்.

நாய்க்கு முன்கூட்டியே டாக்ஸி குடுக்கலாமான்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. நீங்களா குடுக்காதீங்க. குட்டிக்குப் பல்லு கெடும். வெறும் தொண்டையில மாத்திரை ஒட்டினா உணவுக்குழல் புண்ணாகும். நாய் வெள்ளத்துல நின்னதை டாக்டர்கிட்டச் சொல்லி, அவர் எழுதினா குடுங்க.

19 ஜனவரி 2025

கேள்வி கேட்ட பாளையங்கோட்டை அன்பர் பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப கடைக்கு வந்திருந்தார், லாப்ரடாரோட. பேர் பப்லு. வந்ததும் புண்ணாக்கு மூட்டையைத்தான் முகர்ந்தான். செவலை அவனைச் சுத்தி ரெண்டு வட்டம் போட்டுட்டு ஓரமாப் படுத்துட்டான்.

"அண்ணாச்சி, எலியே இல்லைன்னு எழுதினேன்ல, அதைத் திருத்தணும்"னார். நவம்பர்ல ஒரு நாள் பப்லுவைக் கீழ கூட்டிட்டுப் போனப்ப, மோட்டார் ரூம் பக்கம் தொட்டி நிரம்பி வழியிற இடத்துல அவன் தண்ணி நக்குறதைப் பார்த்திருக்கார். தினமும் காலையில அங்கதான் நக்குறான்னு வாட்ச்மேன் சொல்லியிருக்கார். ரூம் கதவைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா குழாய் மேல வரிசையா எலிப் புழுக்கை. மூணு வருஷமா அந்தத் தண்ணி.

குட்டியில போட்டதோட விட்டிருந்ததால மறுபடி முதல்ல இருந்து ரெண்டு டோஸ். முதல் டோஸ் நவம்பர் கடைசியில, ரெண்டாவது டிசம்பர் 20. நாலு வகை உள்ளது. வழியிற தொட்டிக்கு மிதவை வால்வு போடச் சொல்லி அடுக்ககத்துல மனு குடுத்திருக்கார், இன்னும் போடல. அதுவரைக்கும் பப்லுவுக்குன்னு ஒரு பாட்டில் தண்ணி கையோட கொண்டுபோறார்.